வாய் திறக்காத கொட்டாவி

முதலில் மீன்முள் என்றுதான் நினைத்தேன். சாளைக் கறி சாப்பிட்ட மறுநாள், எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ உரசியது. முள் குத்தினால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வெறுஞ்சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினேன். பழத்தைப் பெரிய துண்டாகப் பிய்த்து விழுங்கினேன். இரண்டு மாதம் இப்படியே போனது. இல்லாத முள்ளை இறக்க எத்தனை உருண்டை விழுங்கியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

பிறகு குரல் கட்டியது. அது யாருக்கும் தெரியவில்லை. நான் பேச்சு குறைவானவள். திருவட்டாறு பக்கத்தில் வீட்டோடு தையல் வேலை பார்க்கிறேன். அளவெடுக்கும்போது கையைத் தூக்குங்கள், திரும்புங்கள் என்பதற்கு மேல் யாரிடமும் பேசியதில்லை. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எனக்கு ஜலதோஷம் என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

இதைப் படிக்கிற யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். என்னைப்போலப் பேசாத ஆளாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள். உங்கள் குரல் மாறியதை வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தக்கலையில் பார்த்த மருத்துவர் திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பயாப்சி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று. முழுவதும் எடுத்துவிட்டு, அதன் பிறகு கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும் என்றார்கள். பீடி, புகையிலை, வெற்றிலை ஏதாவது உண்டா என்று மருத்துவர் என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பின்னால் நின்ற என் கணவர்தான் பீடி குடிக்கிறவர். அவரால்தான் வந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை, அப்படி யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றே சொன்னார். ஆனாலும் வெளியே வந்ததும் என் கணவர் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். இனி தொடமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்தின் அடியில் ஒரு ஸ்டோமா (மூச்சு விடுவதற்காக நிரந்தரமாக விடப்படும் துளை) இருந்தது. இனி என் மூச்சு அந்த வழியாகத்தான் போகும், வரும். வாய்க்கும் மூக்குக்கும் மூச்சோடு தொடர்பு கிடையாது. பேச வராது என்பதை முதலிலேயே விளக்கியிருந்தார்கள். அதற்கு நான் அதிகம் அழவில்லை. தாடைக்கடியில் வைத்துப் பேசுகிற ஒரு மின்கருவி கொடுத்தார்கள். அதன் சத்தம் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டிப் பழகிக்கொண்டேன்.

மணம் போய்விடும் என்பதையும் சொல்லியிருப்பார்கள். பயத்தில் அது என் காதில் ஏறவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளில் களியக்காவிளையில் பேருந்து நின்றது. ஜன்னலுக்கு நேரே ஒரு கடையில் தேங்காயெண்ணெயில் ஏத்தங்காய் சிப்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் நுரைப்பதைப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்டேன். மணம் மட்டும் வரவில்லை. மூச்சு மூக்கு வழியாகப் போகாவிட்டால் மணமும் மூக்குக்கு வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரலுக்கு அழாதவள் அந்தப் பேருந்தில் அழுதேன்.

வீட்டில் அது வேறு விதமாகப் பெரிதானது. ஒரு காலையில் அடுப்பின் திருகை நான் சரியாக மூடவில்லை. அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் லீலா வாசலுக்கு வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். நான் அதே அறையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என்னைத் தனியாக அடுப்புப் பக்கம் விடுவதில்லை என்று ஆகிவிட்டது. என் சமையலறையில் நான் தண்ணீர் கொதிக்க வைக்கக்கூட ஒருவர் காவல். அவர்கள் செய்தது சரிதான். எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை.

மறுபடியும் மணம் தெரிய ஒரு வழி இருக்கிறது என்று சொன்னது மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர். மலையாளம் பேசும் சின்னப் பெண். வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட வேண்டும். உதடு திறக்கக்கூடாது. தாடையும் நாக்கும் கீழே இறங்க வேண்டும். அப்போது வாய்க்குள் இடம் பெரிதாகி, வெளிக்காற்று தானாக மூக்கு வழியாக உள்ளே வரும். மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"சேச்சி, கொட்டாவி வரணும். பக்கத்தில இருக்கிற ஆளுக்குத் தெரியக்கூடாது. அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்," என்றார்.

சிலருக்குச் சில நாளில் வரும், சிலருக்கு வராமலே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் வீட்டில் பூண்டு, காப்பித்தூள், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக மூக்கருகில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முயன்றேன். எதிரே லீலா உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குக் கூச்சத்தில் தாடை இறுகும். என்னை அறியாமல் மூச்சை இழுப்பேன், அது கழுத்து வழியாகப் போய்விடும். கடைசியில் வேண்டாம் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

லீலா அதைத் தன் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். என் கணவர் ஜீப் ஓட்டுகிறவர். குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விட்டு, மதியம் திரும்ப அழைத்து வருவார்.

"மைனிய வீட்டுக்குள்ள அடைச்சுப் போட்டா மணம் எங்கெருந்து வரும்? ஒரு நாளு வண்டியில ஏத்திட்டுப் போ அண்ணே," என்றாள். அண்ணியான என்னை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

"அங்க ஆனை வரும் பிள்ளே."

"ஆனைக்கு மைனியப் பாக்கதுதான் வேலையா?"

அப்படித்தான் நான் அந்தக் காட்டுக்குப் போனேன்.

பெரிய காடு அல்ல. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக மலையேறிப் போய், ஒரு சரிவில் நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே ஓடை. ஓடைக்கு இரண்டு பக்கமும், நடவு செய்ய வசதியில்லாத சரிவு என்பதால் வெட்டாமல் விட்ட பழைய மரங்கள். அயினி, வேங்கை, மருது, பெயர் தெரியாத எத்தனையோ. அதற்கும் மேலே வனத்துறையின் எல்லைக்கல். அதைத் தாண்டி நாங்கள் போவதில்லை.

ரப்பர் தோட்டத்தில் வெயில் கோடு கோடாக விழும். மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் சொட்டும். நடுநடுவே தேன்பெட்டிகள், சரிவில் அன்னாசி. எல்லாம் மனிதர்கள் அளந்து வைத்தது. ஓடைப்பக்கம் இறங்கியதும் அந்த அளவெல்லாம் போய்விட்டது. ஒரு மரத்தின் வேர் இன்னொன்றின் மேல் ஏறிக் கிடந்தது. கொடிகள் யார் தயவும் இல்லாமல் உச்சிக்குப் போயிருந்தன. என் நூல் பெட்டியில் பச்சை ஒன்பது வகை இருக்கிறது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட அங்கிருந்த எந்த இலைக்கும் ஒத்துப்போகாது.

காட்டை முதலில் கண்டுகொண்டது என் கழுத்துதான். என்னைப்போன்றவர்களுக்குக் காற்றை நனைத்து, தூசியை வடித்து உள்ளே அனுப்ப மூக்கு உதவாது. அதனால் ஈரத்துணி ஒன்றைக் கழுத்தின் முன்னால் கட்டியிருப்போம். நான் தைத்த துணிதான், ரவிக்கையின் நிறத்திலேயே தைத்துக்கொள்வேன். அப்படியிருந்தும் சாலைப் புழுதியில் இருமி இருமிச் சளி வரும். மரத்தடிக்கு வந்த சிறிது நேரத்தில் இருமல் நின்றது. அங்கே காற்றே நனைந்துதான் இருந்தது. மார்புக்குள் அது போய்ச் சேருவது குளிர்ந்த தண்ணீர் இறங்குவதுபோல் தெரிந்தது. அந்த மரங்களைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. மருத்துவமனையில் மூடுபனிபோல் ஆவி கொடுக்கும் ஒரு இயந்திரம் இருந்தது. இவை அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

ஓடையில் மட்டும் என்னால் இறங்க முடியாது. கழுத்துக்குள் தண்ணீர் போனால் மூச்சு முட்டிவிடும். கரையிலேயே பாறையில் உட்கார்ந்திருப்பேன். மலையணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளை மாறும். இலை விழுவது கேட்கும். பேசாமல் இருப்பது அங்கே ஒரு குறையாக இல்லை, அங்கே யாருமே பேசவில்லை.

முதல் முறையும் இரண்டாம் முறையும் மணம் வரவில்லை. மூன்றாம் முறை போனபோது நான் முயலவே இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்த அசதி. என் கணவர் அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று மரங்களுக்குப் பின்னால் போனார். பாறையில் உட்கார்ந்திருந்த எனக்கு உண்மையாகவே கொட்டாவி வந்தது. பார்க்க ஒருவரும் இல்லாத இடத்திலும் நான் பழக்கதோஷத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். தாடை கீழே போனது. மூச்சு கழுத்தில் தன்பாட்டுக்கு நடந்தது.

மூக்கில் ஏதோ தொட்டது.

அசையாமல் அப்படியே உட்கார்ந்து, இன்னொரு முறை செய்தேன். இன்னொரு முறை. காடு மணக்கிறது என்று நினைத்தேன். இலை, மண், பூ, எதுவாக இருக்கும் என்று தேடினேன். நாலாவது முறையில் தெரிந்துவிட்டது. பீடி.

திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அந்த மின்கருவியைப் பெட்டியோடு பைக்குள் எப்போதும் வைத்திருப்பேன், வெளியில் எடுத்ததில்லை. அன்று எடுத்துத் தாடைக்கடியில் வைத்தேன்.

"பீடி குடிச்சியளா?"

அந்தத் தகரக் குரல் ஓடைக்கு அக்கரைவரை போனது. அவர் நடுங்கிப் போனார். கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை.

"ஏட்டி," என்றார். "உனக்கு மணக்கா?"

தலையாட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். "இன்னொண்ணு பத்த வச்சுக் காட்டட்டா?" என்றுகூடக் கேட்டார். என் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உனக்குத் தெரியாதுண்ணு குடிச்சது இல்ல," என்றார். "ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா எனக்கு உறக்கம் வராது. பேடிச்சாக்கும் குடிச்சேன்."

எனக்கு முன்னால் ஒருநாளும் அவர் பயந்ததாகக் காட்டியதில்லை. நானும் காட்டியதில்லை. கருவியை மறுபடி வைத்தேன். "எனக்கும் பேடிதான்," என்றேன். அந்த இயந்திரத்தின் வழியாக நான் சொன்ன இரண்டாவது வாக்கியம் அது.

அன்று மதியம்வரை அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் மூக்கருகில் நீட்டினார். கசக்கிய இலை, ஈரமண், பாறைப் பாசி, எறும்பு மொய்த்த அயினிப்பழம். பழம் தெரிந்தது, புளித்த இனிப்பாக. மண் லேசாகத் தெரிந்தது. இலை ஒன்றும் சொல்லவில்லை. முழுதாக எல்லாம் திரும்பிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பிச்சிப்பூ இன்றுவரை எனக்கு வெறும் வெள்ளைதான். ஆனால் அடுப்பின் வாயு தெரிகிறது. லீலா திருகைக் கொஞ்சம் திறந்து நான்கு முறை சோதித்த பிறகுதான் நம்பினாள். இப்போது காலைக் காப்பியை நான் தனியாகப் போடுகிறேன்.

அவர் பீடியை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். மருத்துவமனைக்குப் போய் வரும் நாட்களில் இன்னும் தடுமாறுகிறார். முன்போல் மறைப்பதில்லை. அந்த நாட்களில் வீட்டுக்குப் போகாமல் இருவரும் நேரே ஓடைக்குப் போய்விடுகிறோம்.

போன வாரமும் போயிருந்தோம். மூன்று மாதச் சோதனை முடிந்த கையோடு. புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த சோதனைவரை நாட்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். முன்பெல்லாம் வருகிற பண்டிகைக்குத் தைக்க வேண்டிய துணிகளை வைத்துத்தான் வருடத்தை எண்ணுவேன். இப்போது அத்தனை தூரம் யோசிப்பதில்லை.

பாறையில் உட்கார்ந்திருந்தபோது கழுத்துத் துளைக்குள் போகும் காற்று திடீரென்று கனத்தது. எழுந்து ஜீப்பைக் காட்டினேன். அவர் மேலே பார்த்து, மானம் வெளுத்துத்தானே கிடக்கு என்றார். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டார். நாங்கள் ரப்பர் வரிசைக்கு ஏறுவதற்குள் தூறல் விழுந்தது. மழை வருவதை இப்போதெல்லாம் என் கழுத்து எல்லோருக்கும் முந்தித் தெரிந்துகொள்கிறது. மூக்குக்குத்தான் நான் சொல்ல வேண்டும். ஜீப்பில் ஏறுமுன் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். குடையை என் கழுத்துக்கு மேலே சாய்த்துப் பிடித்தபடி, தன் முதுகு நனைய அவர் நின்றார். நான் உதட்டை மூடி, நிதானமாக, ஒவ்வொன்றாகக் கொட்டாவி விட்டேன். மூன்றாவதில் மழை மணத்தது.