கடுக்காய்த் தண்ணீரில் கிளம்பிய இஞ்சின்

எருக்கு முளைத்துக் கிடந்த ஆற்றோரத்தில் தோல் பதனிடும் கிடங்கு கட்டியவன் நான். பாறை, தண்ணீர் வராது என்று எல்லோரும் சிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன். ஆம்பூரில் மாடிவீடு கட்டினேன். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் படிப்பு கிடையாது. இதை எவனும் மறுக்கவில்லை. மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்.

போன வாரம், காதர் இறந்த நாற்பதாம் நாள் சாப்பாடு. காதர் என் தோஸ்த். வாலிபத்தில் இருவரும் ஒரே கிடங்கில் கூலிக்கு நின்றவர்கள். பந்தியில் அவன் மருமகன் பேச்செடுத்தான்.

"மார்கழிக் குளிர்ல வெறைச்சுக் கெடந்த இஞ்சினுக்கு வெந்நி ஊத்திக் கெளப்பினது எங்க மாமாதான். இதோ குந்தியிருக்காரே பெரியவரு, இவரு ஊத்தினது மசித் தண்ணி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய? தட்டில் நெய் மணக்கும் பிரியாணி. என் மூக்கில் ஏறியதோ பழைய மண்ணெண்ணெய்ப் புகை.

நாங்கள் கூலிக்கு நின்ற கிடங்குக்குத் தண்ணீர் இறைக்க அந்த இஞ்சின் வந்தபோது ஊரே பூசை போட்டது. யானைக் குட்டி போல இருக்கும். ஊதுவிளக்கால் அதன் தலையைச் சிவக்கக் காய்ச்சி, பெரிய சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். வெயில் காலத்தில் சமர்த்து. மார்கழியில் மலைக்காற்று இறங்கினால் போச்சு. எண்ணெய் மெழுகாகி, சக்கரம் ஒரு முட்டு முட்டி நின்றுவிடும். அது ஓடினால்தான் கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறும். ஏறாவிட்டால் தோல் நாறும்.

அன்று விடிந்ததிலிருந்து நானும் காதரும் சுற்றுகிறோம், தோள் கழன்றுபோகிற மாதிரி. முதலாளி சாயபு வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

"இன்னாடா பேஜார் இது? மதியத்துக்குள்ள ஓடலேன்னா வித்துடுவேன். மறுபடியும் மாடு கட்டி எறைக்கலாம். நீங்க ரெண்டு பேரும் தோல் செரைக்கப் போங்க!"

எனக்குக் கோபம். ஓரத்தில் செப்பு அண்டாவில், தோலை ஊறவைக்கிற கடுக்காய்ச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த மனுஷனுக்குச் சூடாக எதையாவது ஊற்றுகிறோமே, இதற்கு ஊற்றினால் என்ன என்று தோன்றியது.

"டேய், அது கடுக்காய்டா!" என்று காதர் கத்தினான்.

"சுடுதில்ல? வுடு!"

இஞ்சின் உடம்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற அறைக்குள் குடம் குடமாக ஊற்றினேன். சக்கரத்தை ஒரு தள்ளு. குபுக் குபுக்கென்று கிளம்பியது பாருங்கள், கிடங்கே கூத்தாடியது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை என்பது தோல்காரன் எவனுக்கும் தெரியும். அந்த அவசரத்தில் எனக்கு மறந்தது. இஞ்சின் தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாக மை கன்னங்கரேலென்று பீய்ச்சியடித்தது, நேராக முதலாளி வேட்டியில்.

மறுநாள் காதர் அதே வேலையை நல்ல வெந்நீரில் செய்தான். இஞ்சின் டிரைவர் வேலை அவனுக்கு. 'மசித் தண்ணி' என்ற பட்டம் எனக்கு. அந்த ஆத்திரத்தில்தான் வெளியேறி எனக்கென்று கிடங்கு போட்டேன். அது வேறு கதை.

தனியாக இருந்தால் காதர் ஒப்புக்கொள்வான். "நீதான்டா மொதல்ல ஊத்தினே, அல்லா சத்தியமா" என்று தோளில் தட்டுவான். நாலு பேர் வந்ததும் வாயை மூடிக்கொள்வான். என்றைக்காவது பந்தியில் வைத்தே சொல்ல வைக்கலாம் என்றிருந்தேன். முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

இன்று கரண்டு மோட்டார். ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர். இஞ்சின் பழைய இரும்புக்குப் போயிற்று. அதைச் சுற்றிய இன்னொரு ஜோடிக் கையும் மண்ணுக்குள். சாட்சி சொல்ல ஆளில்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்: தண்ணீரை மாற்றியவன் காதர். உடம்புக்குச் சூடாக ஊற்றினால் கிளம்பும் என்று கண்டவன் நான். இனி இந்தக் கதையை எவன் சொன்னாலும் என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.