ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எங்கள் கார் காலையில் மட்டும்தான் நடுங்கும். சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் குடியிருப்பு புளோக்கை ஒட்டிய அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் இரவு முழுக்க நின்ற பிறகு, சாவியைத் திருப்பினால் எஞ்சின் திணறிப் பிடிக்கும். பிடித்ததும் ஸ்டீயரிங், கண்ணாடி, என் முழங்கை எல்லாம் உதறும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுங்கும். ஒரு நிமிடம், சில நாள் ஒன்றரை. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் அமைதியாகிவிடும்.

அந்த ஒரு நிமிடம்தான் என் பயம். மகனுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும் பிள்ளை. அதற்குள் இரண்டு முறை வந்திருந்தது. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், மற்றபடி காய்ச்சல் வேகமாக ஏறும்போதே அழைத்து வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவருக்கு விமான நிலையத்தில் விடியற்காலை வேலை. ஆக, வண்டியை எடுக்க வேண்டியவள் நான். காய்ச்சலோடு அவனைப் பின்சீட்டில் கட்டி உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பும்போது, அன்றைக்குப் பார்த்து எஞ்சின் பிடிக்காமல் போனால்? தினமும் இதை நினைத்துக்கொண்டுதான் லிஃப்டில் இறங்குவேன்.

தொழிற்பேட்டையில் இருந்த பட்டறைக்குப் பத்து நிமிட ஓட்டம். அதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். மெக்கானிக்கை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்லாத்தானே ஓடுது தங்கச்சி?”

“காலையில ஆடுது பாய்.”

“இப்பவும் காலைதான் லா.”

இரண்டாம் முறை போனபோது கருவியைச் செருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரிவதில்லை என்று காட்டியது. ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றினார். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் மறுபடியும் உதறல். நான் சாவியைத் திருப்புவதில்தான் தவறோ, பெடலை மிதித்துவிடுகிறேனோ என்று தோன்றியது. “நீ ரொம்ப யோசிக்கிற. பழைய வண்டி, கொஞ்சம் இருமத்தான் செய்யும்” என்றார் கணவர். இருமல் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் போனில் குறித்துவைத்தேன். எத்தனை நொடி ஆடியது, விளக்கு எரிந்ததா, முதல் நாள் மழை பெய்ததா. மூன்றாம் முறை போனபோது அதை பாயிடம் நீட்டினேன், வீட்டுப்பாடத்தைக் காட்டுவது போல. துணியில் விரலைத் துடைத்துவிட்டு திரையை மெல்லத் தள்ளிப் படித்தார்.

“ஞாயிறு, தண்ணி ஊத்தினேன்... இது என்ன?”

“ரேடியேட்டர் தண்ணி. அந்த பிளாஸ்டிக் தொட்டியில கொறஞ்சிருந்தா கோடு வரைக்கும் ஊத்துவேன்.”

“வாராவாரம் கொறயுதா?”

“ஆமா.”

“எவ்வளவு நாளா?”

“நாலு மாசம் இருக்கும்.”

“இங்க வர்றதுக்கு முன்னாடியும் ஊத்தினீங்களா?”

“முதல் நாளே பார்த்து ஊத்திட்டுத்தான் வருவேன்.”

அவர் போனை என்னிடமே கொடுத்தார். “பல் டாக்டர்கிட்ட போறப்ப பல் விளக்கிட்டுப் போலாம் தங்கச்சி. ஓட்டப் பல்ல நீங்களே அடச்சிட்டுப் போனா அவர் என்னத்தப் பார்ப்பார்?”

முகம் சுட்டது. வாரம் ஒருமுறை பார், குறைந்தால் நிரப்பு என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருந்தது. அதைத்தான் செய்தேன். தண்ணீர் குறைவதற்கும் நானே காரணம் என்று நினைத்திருந்தேன். கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை, மூடியை இறுக்கவில்லை என்று. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியை ஓர் இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்த இரவில் மகனின் நெற்றியை எத்தனை முறை தொட்டேனோ தெரியாது. காலையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்சியில் போய் இறங்கினேன். முதல் நாள் மாலை பாய் ஒரு கைப்பம்பை மாட்டி ரேடியேட்டருக்குள் அழுத்தம் ஏற்றி வைத்திருந்தார். இரவில் அழுத்தம் கசிந்து, அதன் முள் கீழே இறங்கிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றினார்.

“தள்ளி நில்லுங்க.”

எஞ்சினைச் சுழற்றியதும் மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் புஸ்ஸென்று சீறியது. “மழை!” என்று மகன் கைதட்டினான்.

எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் தகடு விட்டுப்போயிருக்கிறது என்றார். வண்டி நிற்கும்போது தண்ணீர் அதன் வழியே சிலிண்டருக்குள் கசிகிறது. காலையில் அது வெளியேறும்வரைதான் அந்த உதறல்.

“நீங்க ஊத்தாம வந்திருந்தா முதல் தடவையே கண்டுபிடிச்சிருப்பேன்.”

“ஊத்தாமலே ஓட்டியிருந்தா?”

“எக்ஸ்பிரஸ்வேல சூடேறி நின்னுருக்கும்.”

அப்படியானால் நான் செய்தது சரியா, தப்பா? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார், “ஆனா இன்னும் கொஞ்சம் தண்ணி உள்ள போயிருந்தா, ஒரு நாள் காலையில சாவியத் திருப்புறப்பவே எஞ்சின் இறுகியிருக்கும். அப்புறம் அசையாது.”

நான் பயந்தது அதைத்தான். நான்கு மாதமாக அதற்கு நானே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேஸ்கெட் மாற்றி வண்டி திரும்பி வர ஒரு வாரம் ஆனது. “தொட்டியப் பாருங்க. ஆனா ஊத்தாதீங்க. கொறஞ்சா எனக்குப் போன் பண்ணுங்க” என்றார் பாய். குறையவில்லை. ஒவ்வொரு காலையும் அமைதியாகவே பிடித்தது. அப்படியும் லிஃப்டில் இறங்கும்போது அதே நினைப்புதான்.

ஒரு மாதம் கழித்து, காலை ஆறரைக்கு, மகனுக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரியைத் தாண்டியது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பட்டையைப் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உதறலுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் ஆடவில்லை, விளக்கும் எரியவில்லை. எஞ்சின் உண்மையிலேயே ஓடுகிறதா என்ற சந்தேகத்தில் என் கை மறுபடி சாவிக்குப் போனது.

பின்னாலிருந்து சோர்ந்த குரல் வந்தது.

“அம்மா, போ.”

ரிவர்ஸ் கியர் போட்டேன்.