கப்டனுக்கு இரண்டு கண்

கடை வைத்திருக்கிற எவருக்கும், வாங்கிய சாமான் பழுது என்று திருப்பிக்கொண்டு வருபவர்களைத் தெரிந்திருக்கும். கொக்குவிலில் வீடியோ கேம் கடை வைத்திருக்கிற எனக்கு, கதாநாயகன் பழுது என்று திருப்பிக்கொண்டு வருபவர்களையும் தெரியும்.

பழுதான ஆள்

வல்வெட்டித்துறையில் சொந்தப் படகில் மீன்பிடித் தொழில் செய்கிற மோகன் அண்ணைக்கு ‘கப்டன் பல்தாரோ’ கேம் என்றால் உயிர். கப்டன் ஒரு கடற்கொள்ளைக்காரன், ஒற்றைக் கண், முறுக்கு மீசை, வாயைத் திறந்தால் தூஷணம். போன வருசம் கம்பெனிக்காரன் அந்தக் கதையை முதலிலிருந்து புதிதாகச் செய்து விட்டான். புதிய கப்டனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, மீசை இல்லை, அலை கொஞ்சம் எழும்பினால் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறான். வாங்கிக்கொண்டு போன அண்ணை மறுநாளே டிஸ்க்கோடு வந்து நின்றார். இது அவனுடைய இளவயதுக் கதை, பெயரும் அதுதான், ஆளும் அதுதான் என்று விளக்கினேன்.

“முதல்லையிருந்து தொடங்கட்டும் தம்பி, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அந்த ஆளை வைச்செல்லோ தொடங்கவேணும்.”

கட்சி பிரிந்தது

அவருடைய கூட்டாளி அன்ரன், குருநகரில் வலைக்கடை வைத்திருப்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே என் கடைக்குத்தான் வருவார். இருவரும் பின்னறைச் சோபாவில் இருந்து சேர்ந்து விளையாடுவார்கள். அன்ரனுக்குப் புதியவனைப் பிடித்துவிட்டது. பிழை விட்டால் தன் ஆட்களிடம் மன்னிப்புக் கேட்கிறானாம். மன்னிப்புக் கேட்டால் அவன் பல்தாரோவே இல்லை என்றார் மோகன் அண்ணை. வாய் தடித்தது. கடைசியில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்று, ஒருவர் சனிக்கிழமையும் மற்றவர் ஞாயிற்றுக்கிழமையும் வரத் தொடங்கினார்கள். மற்றவன் வந்தவனோ என்று என்னிடம் விசாரிக்க மட்டும் இருவருமே மறக்கவில்லை. சமாதானம் கதைக்கப் போன எனக்கு அன்ரன் சொன்ன பதில்:

“கண் ரெண்டும் இருக்கெண்டுதானே அவனுக்குக் கோவம்? பொறுக்கச் சொல்லு, இனித்தான் ஒண்டு போகும்.”

போன கண்

விளையாட்டில் கண் போகிற கட்டத்துக்கு ஒரு ஞாயிறு அன்ரன் வந்து சேர்ந்தார். அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு, தனியப் பார்க்க மனமில்லை, மோகனைக் கூப்பிடு என்றார். நான் போனில் விசயத்தைச் சொன்னேன். அண்ணை உடுத்த சாரத்தோடேயே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்ரனின் முகத்தைப் பார்க்காமல் சோபாவின் மற்றக் கரையில் இருந்தார்.

திரையில் புயல். பாய்மரம் முறிந்து விழ, பக்கத்தில் நின்ற கூட்டாளியைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டுக் கப்டன் அதற்குள் அகப்பட்டான், ஒரு கண் போனது. பழைய கதையில் அந்தக் கண் போனது ஏதோ குடிவெறிச் சண்டையில். அன்ரன் மூக்கை உறிஞ்சினார். மோகன் அண்ணை இரண்டாவது கொன்ரோலரை எட்டி எடுத்தார்.

“உவன் அவன் இல்லை. எண்டாலும் உந்தக் கண்ணோடை உவனைத் தனியக் கடலுக்கு விடேலாது. இஞ்சாலை கிட்ட அரக்கி இரு.”

இரண்டு கப்டனும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டு பேரையும் ஒரே தட்டில் அடுக்கி விற்கிறவனுக்கு அபிப்பிராயம் வைத்திருக்கக் கட்டுப்படியாகாது.