நாற்பது போர்டை ஊதித் தள்ளியவர்

பச்சைப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றியபடியே, "ரெண்டு பக்கமும் அடிச்சிடுங்கண்ணே. மூணாவது பக்கம் வெறும் படம், அது வேணாம்" என்கிறார் செம்மொழி. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாம்பிராணிப் புகை இன்னும் கல்லாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் போணியே ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டின் விவரத் தாள். பாபநாசத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு ஆடி கழிந்ததிலிருந்து வாரம் மூன்று நாள் இப்படித்தான் விடிகிறது. சிட்டாவும் அடங்கலும் ஆதாரும் அடித்துப் பிழைக்கிறவனுக்கு இது என்ன சோதனை என்று ஆரம்பத்தில் நினைத்ததுண்டு.

போனிலேயே படித்துக்கொள்ளலாமே, எதற்குத் தாளுக்குச் செலவு என்று ஒருநாள் கேட்டேன். வியாபாரி கேட்கக் கூடாத கேள்விதான். "போன்ல படிச்சா தள்ளிவிட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்கோம். தாளுன்னா அது நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்ல" என்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்துப் படிப்பார். பிடிக்காத இடம் வந்ததும் பேனாவால் குறுக்கே ஒரே கோடு. தாளை என்னிடமே தந்துவிட்டு மில்லுக்குப் பஸ் ஏறிவிடுவார். கோடு அடித்த தாள்களெல்லாம் என் கடைக்குப் பக்கத்திலிருக்கும் கடலை வண்டிக்குப் போகும். ஆவணியிலிருந்து பாபநாசத்துக்காரர்கள் மதர்போர்டில்தான் வறுகடலை தின்றுகொண்டிருக்கிறார்கள்.

தஞ்சாவூர் போகும் வழியில் ஒரு நவீன அரிசி ஆலை. பதினாறு வருஷமாகச் செம்மொழிக்கு அங்கேதான் வேலை. மூட்டை தைக்கச் சேர்ந்தவர், இப்போது சார்டெக்ஸ் மெஷின் பார்க்கிறார். அரிசி மேலிருந்து சரம் சரமாக விழும். உள்ளே இருக்கும் கேமரா கறுப்பு, பழுப்பு, கல் எதைப் பார்த்தாலும் சுருக்கென்று காற்று அடித்து வெளியே தள்ளும். அந்த மெஷினின் போக்கை அதட்டியும் தடவியும் சரியாக வைத்திருப்பது செம்மொழியின் வேலை. முப்பத்தொன்பது வயது. சாயங்காலம் வரும்போது புருவத்தில் தவிட்டுத் தூள் ஒட்டியிருக்கும். கம்ப்ரசர் சத்தத்திலேயே இருந்து பழகியதால் ரகசியம் சொன்னாலும் நாலு கடை தள்ளிக் கேட்கும். கல்யாணப் பந்தியில் சோறு விழுந்ததும் கையை வைக்க மாட்டார். ஒரு நிமிடம் இலையையே பார்த்துவிட்டு, ஒரு கறுத்த பருக்கையை விரல் நுனியால் ஓரத்துக்குத் தள்ளிய பிறகுதான் சாப்பிடுவார். பரிமாறுகிறவர் முகம் வாடிப்போகும். அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

போர்டு தேடுவதும் அதே கணக்குத்தான். "நல்லது எதுன்னு தேடுனா கண்ணைக் கட்டிடும்ணே. எல்லாமே நல்லதாத்தான் தெரியும். ஆகாதது எதுன்னு பாத்து ஊதித் தள்ளிக்கிட்டே வரணும். தள்ள முடியாம ஒண்ணு நிக்கும்ல, அதுதான் நமக்கு." நாற்பத்தொரு போர்டில் ஆரம்பித்தார். கலர் கலராக விளக்கு எரிகிற போர்டுகள் முதல் வாரத்திலேயே போயின. கடைக்கு வந்த காலேஜ் பையன் ஒருவன், அக்கா விளக்கு இருந்தால்தான் கெத்து என்று சொல்லிப் பார்த்தான். ஐப்பசியில் வயலிலிருந்து வரும் தத்துப்பூச்சி டியூப் லைட்டையே விடுவதில்லை, விளக்கு எரிகிற பெட்டிக்குள் காற்றாடியும் சுற்றினால் பூச்சி முழுக்க உள்ளேதான் போகும் என்று விளக்கினார் செம்மொழி. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் சூடு தாங்காது என்று ஒரு பத்துப் பன்னிரண்டு போர்டு கழிந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடங்காதவை நாலைந்து.

எதற்கு இத்தனை ஆராய்ச்சி? கம்ப்யூட்டருக்கு மதர்போர்டுதான் அடிப்பலகை. மற்றதெல்லாம் அதில்தான் வந்து உட்கார வேண்டும். ஆடியில் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த தம்பி அறிவுமதி, அக்காவுக்கென்று ஒரு பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இதற்கேற்ற போர்டை நீயே பார்த்து வாங்கிக்கொள் என்று விமானம் ஏறிவிட்டான். இரண்டும் பீரோவில் துண்டு சுற்றிக் கிடந்தன. பெட்டி, திரை போன்ற மற்றச் சாமான்களைச் செம்மொழியே வாங்கி வைத்திருந்தார். பிராசஸர் புது வரவு. கடைகளில் இருக்கும் போர்டுகளோ அதற்கு முன்பே செய்யப்பட்டவை. அதை வைத்தால் இது யார் என்றே போர்டுக்குத் தெரியாது. பயாஸ் என்கிற உள் மென்பொருளைப் புதுசாக ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குப் பழைய பிராசஸர் ஒன்று வேண்டும். ஒரு சில போர்டுகளில் மட்டும் பின்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. பென்டிரைவைச் செருகி அதை அழுத்தினால் போர்டு தானே ஏற்றிக்கொள்ளும். இதைப் படித்துப் புரிந்துகொண்ட அன்று பச்சைக் கோடு பதினெட்டுத் தாளில் விழுந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது.

எல்லோரும் கேட்பார்கள், பிள்ளைக்கா என்று. மகள் கவிப்ரியா மன்னார்குடியில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. "எனக்குத்தான். கேம் விளையாட" என்று அதே கம்ப்ரசர் குரலில் பதில் வரும். நானும் முதலில் சிரித்தேன், பொய் சொல்வானேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மில்லுல இருக்கறது மொதலாளி மெஷினு. வீட்டுல மிக்ஸி, கிரைண்டரு எல்லாம் எல்லாருக்கும் உழைக்கிறது. எனக்குன்னு ஒரு மெஷின் வேணும்ணே. அது நெல்லும் அரைக்கக் கூடாது, மாவும் அரைக்கக் கூடாது. நான் சும்மா ஒக்காந்து விளையாடணும்." அப்புறம் நான் சிரிக்கவில்லை.

கணவர் துரைராசு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஒரு உபயோகம் இருக்க வேண்டும் அவருக்கு. வாங்கு, ஓடவில்லை என்றால் எல்லாவற்றையும் விற்று வாசலுக்குத் தகரக் கொட்டகை போட்டுவிடலாம் என்று நிபந்தனை வைத்தார். செம்மொழி சரி என்று சொல்லிவிட்டார். அவர் சரி என்றால் சரிதான்; பிறகு பேச்சு மாறுகிற ஆள் இல்லை. எனக்குத்தான் திக்கென்றது. ஒரு போர்டு தப்பாக வாய்த்தால் தம்பி கொண்டுவந்ததும் சேர்ந்து தகரமாகிவிடும்.

புரட்டாசியில் டோனர் வாங்க நான் தஞ்சாவூர் போனபோது செம்மொழியும் கூடவே வந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஷஹ்பாஸ் மரியாதையான மனிதர். ஆனால் விசாரணை எல்லாம் என்னிடம்தான். நான் கையைக் காட்டிய பிறகுதான் செம்மொழி பக்கம் திரும்பினார். கேட்ட போர்டு கைவசம் இல்லை. வேறொன்றை எடுத்து வைத்து, எல்லாம் அதே மாதிரிதான், பின்னால் அந்தப் பொத்தான் மட்டும் கிடையாது, பயாஸ் நாங்களே ஏற்றி, எல்லாவற்றையும் மாட்டியும் தருகிறோம், நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். எனக்குப் பசி வேறு. வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"அப்புறம் ஏதாச்சும்னா?" என்று கேட்டார் செம்மொழி.

"இங்க கொண்டாங்க மேடம், பாத்துக்கலாம்."

"என் மெஷினை நான்தான் பாக்கணும். அது வரட்டும், போன் பண்ணுங்க."

அவ்வளவுதான், இறங்கி நடந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். நான் கோபமாக இருந்தேன், அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ஐப்பசி பிறந்திருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. காலையில் போய் வாங்கிக்கொண்டு, மத்தியான ஷிப்டுக்கு நேரே மில்லில் இறங்கிவிட்டார். ஏழு நாளைக்குள் ஓடவில்லை என்றால் மாற்றித் தருவதாகவும், ஆனால் போர்டில் கறையோ கீறலோ இருக்கக் கூடாது என்றும் ஷஹ்பாஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். மில்லில் பாய்லர் பார்க்கும் ஐயாவு பாசக்காரர். புது மெஷினைக் காட்டு என்று ஆசையாகக் கேட்டார். செம்மொழியும் மேசையில் பிரித்து வைத்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து சார்டெக்ஸ் அலாரம் அடிக்க, ஓடினார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால், போர்டுக்கு மூன்று இடத்தில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூ. மில்லுக்கு வந்த எந்த மெஷினுக்கும் ஐயாவு பொட்டு வைக்காமல் விட்டதில்லை. தராசு வந்தபோதும் வைத்தார், வாட்டர் பில்டர் வந்தபோதும் வைத்தார். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகவே கரைத்துவிட்டார் மனிதர். அது வழிந்திருந்தது.

நல்லவேளை, பிராசஸர் உட்காரும் இடத்துக்கு மூடி இருந்தது. கேமராக் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட்டையும் மெல்லிய பிரஷையும் வைத்து ஒரு மணி நேரம் துடைத்திருக்கிறார். ஈரம் போய்விட்டது. மஞ்சளும் சிவப்புமாகக் கறை போகவில்லை. ஷஹ்பாஸுக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டார். மறுநாள் கடையில் வந்து சொன்னபோது, மறைத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மெஷினுக்குத் தாள் போடத் திரும்பிக்கொண்டேன். இனிமேல் கம்பெனி எடுத்துக்கொள்ளாது என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். ஐயாவுவைத் திட்டினீர்களா என்றேன். "எதுக்குத் திட்டணும்? நல்லது நெனைச்சுத்தான செஞ்சாரு" என்றார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "பஸ்ஸுல வரும்போது அழுதுட்டேண்ணே" என்றார். அன்றுதான் அவர் குரல் தாழ்ந்து கேட்டேன். அதோடு எழுந்து, போர்டின் கையேட்டை முழுக்க அடித்துத் தரச் சொன்னார். எண்பத்தாறு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கடை யுபிஎஸ்ஸைக் கழற்றி மொபெட்டில் வைத்துச் செம்மொழி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே வீணாகலாம் என்று கையேட்டில் போட்டிருந்தது. லைன்மேனுக்கு முன்னாலேயே போன் போட்டு, இன்றைக்கு வேலை ஏதும் உண்டா என்று விசாரித்து வைத்திருந்தார் செம்மொழி. இல்லை, ஆனால் காற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். தரையில் அட்டை விரித்து வேலை ஆரம்பமானது. போர்டில் கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வந்தார். உடம்பிலுள்ள மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். என்ன வேண்டுதல் என்று துரைராசு என்னிடம் கேட்டார். மனசு கேட்காமல் ஐயாவும் குடையோடு வந்து வாசல்படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

இரண்டு மணி நேரத்தில் எல்லாம் மாட்டியாயிற்று. பெட்டியின் பொத்தானை அழுத்தினார். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று நின்று எரிந்தது. துரைராசு வாசலை ஒரு பார்வை பார்த்தார், எத்தனை தகரம் பிடிக்கும் என்கிற மாதிரி. வாசல்படியிலிருந்து ஐயாவு, "என்னாலதானா தாயி?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"உங்களால இல்லண்ணே. இது எனக்குத் தெரிஞ்ச கோளாறு. சும்மா இருங்க."

பென்டிரைவைச் செருகி, பின்பக்கப் பொத்தானை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தார். பக்கத்தில் ஒரு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்றார். நான்காவது நிமிடம் ஊரே அடங்கியது. கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி மூன்று வருஷத்துப் பழசு. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டு வந்தவன் நான். அதைச் செம்மொழியிடம் சொல்லவும் இல்லை. இத்தனை மாதம் ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண் என் சோம்பேறித்தனத்தால் தோற்கப்போகிறாள் என்று என்னை நானே சபித்துக்கொண்டேன். செம்மொழி அந்தச் சிமிட்டலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், ஆறு, ஏழு. விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி அணைந்தது. நன்றாகப் பத்து வரை எண்ணிவிட்டு, யுபிஎஸ்ஸையும் அணைத்தார்.

உடனே போட்டுப் பார்க்கலாம் என்று நான் பறந்தேன். லைன் வரட்டும் என்றுவிட்டார். கரண்ட் வர நாற்பது நிமிடம் ஆனது. துரைராசுதான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். கரண்ட் வந்ததும் செம்மொழி குனிந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினார். காற்றாடி சுற்றியது. சிவப்பு விளக்கு வந்தது, போய்விட்டது. திரை வெளுத்து, எழுத்து வந்தது. அறிவுமதி கொண்டுவந்த பிராசஸரின் பெயர் அதில் முழுசாக இருந்தது.

ஐயாவு செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடி வந்தார். நான் பார்க்க, அவர் பார்க்க, துரைராசுவுக்கும் ஆவல் தாங்கவில்லை. திரைக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து மவுஸில் கை வைத்தார்.

தரையிலிருந்து செம்மொழி எழுந்தார். புடவையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, கணவர் தோளில் ஒரு விரலால் தட்டினார்.

"எந்திரிங்க."