பள்ளிக்கு முதலில் வருகிறவள்

பரிசு கொடுக்கக் கூப்பிட்டால் எனக்குக் கொஞ்சம் உதறும். கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே.

போன வாரம் உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆண்டு விழா. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சில்வர் தட்டு, டிபன் பாக்ஸ், ஜாமெட்ரி பாக்ஸ் என்று என் கை வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. சுவர்க்கடிகாரம்.

'தினமும் முதல் ஆளாக வரும் மாணவி' என்று இந்த வருஷம் புதுப் பரிசு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஏகாம்பரம் அண்ணனின் சொந்த ஏற்பாடு. அவர் விவசாயி. நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தை விடிந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மொபெட்டில் பள்ளி வழியாகத்தான் திரும்புவார். ஈ காக்கை இல்லாத நேரத்தில் யூனிபார்ம் போட்ட ஒரு பெண் தனியாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்து மனசு நிறைந்துபோய்க் கடிகாரம் வாங்கிவிட்டார்.

அவள் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு. ஒட்டி வாரிய தலை, சுருக்கமில்லாத ரிப்பன்.

"நாம பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு ஸ்கூல்ல கீது," என்றார் அண்ணன் மைக்கில். "நம்ம வூட்டுப் பசங்க இன்னா பண்ணிக்கினு கீதுங்க? இழுத்துப் போத்திக்கினு தூங்கிக்கினு கீதுங்க. ஏம்மா கண்ணு, உன்ன யாரு எழுப்பறது?"

மைக் அவள் வாய்க்கு நேராக நின்றது.

"நானே எய்ந்துருவேன் சார்."

"வூடு எங்க கீது?"

"பக்கத்துலதான்."

"அப்ப நாளைக்கு நானே சுத்தியல் எத்துக்கினு வந்து ஆணி அடிச்சு மாட்டறேன். போட்டோ புடிச்சு குரூப்புல போட்டாத்தான மத்ததுங்களுக்கு ரோசம் வரும்."

பலத்த கைதட்டல். பெட்டியை வாங்கிக்கொண்டவள் என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனாள். மேடையில் கைதட்டாமல் இருந்தவர் ஒருவர்தான்… தலைமையாசிரியை.

விழா முடிந்ததும் தன் அறைக்கு என்னை அழைத்துப் போனார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சார், ஏகாம்பரத்துகிட்ட நீங்க ஏதாவது சொல்லி நிறுத்துங்க. நான் சொன்னா ஏன், எதுக்குன்னு கேப்பாரு."

"நல்ல மனுஷன்தானே. மாட்டிட்டுப் போகட்டுமே."

"மாட்டறதுக்குச் சுவர் இல்ல சார்."

ஏரிக்கரையைப் பலப்படுத்தியபோது கரையோரக் குடிசைகளை எடுத்துவிட்டார்கள். அவற்றில் இருந்தவர்கள் சில இருளர் குடும்பத்தார்; செல்வியின் குடும்பமும் அதில் ஒன்று. மாற்று இடம் வரும் என்றார்கள். இதோ, அதோ… செல்வியின் அப்பா அதே நெல் களத்தில் மூட்டை தூக்குகிறவர். களத்து ஓரத்திலேயே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டார்கள். நான்கு பக்கமும் காற்று. நான்கு பக்கமும் கண்.

பள்ளி என்ன செய்ய முடியும்? தலைமையாசிரியைக்கு மாணவர் மனநலப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட சார்ட் ஒன்று வராந்தாவில் தொங்குகிறது. மூச்சை இழுத்து விடச் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தப் பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டது வேறு. 'மிஸ், காலைல சீக்கிரமா வந்து இங்க குளிச்சுக்கட்டா? இங்க பாத்ரூமுக்குத் தாப்பா கீது.'

அதற்காகவே ஒரு தோட்டப் பொறுப்பாளர் பதவியை உண்டாக்கினார். கேட் சாவி செல்வி கையில். குளிப்பாள், துவைத்த சட்டையைக் கம்பியில் போடுவாள், தலை வாருவாள், பிறகு செடிக்குத் தண்ணீர். மணி அடிக்கும்போது அவளும் எல்லாரையும் போல ஒரு பெண். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நான் அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். "அவங்களே மாட்டிக்குவாங்கண்ணே."

"நீங்க சும்மா இருங்க சார். ஆணி அடிக்கறதுல இன்னா பேஜாரு?"

மறுநாள் செல்வி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தலைமையாசிரியை போனில் சொன்னபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிற பெண் பிறகு எங்கே போவாள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? செங்கல் சூளைக்கு. இல்லையென்றால் சீக்கிரமே ஒரு கல்யாணத்துக்கு. சாலவாக்கம் டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினேன்.

தலைமையாசிரியை அறையில் ஏகாம்பரம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சுத்தியல் மடியில்.

தெருத் தெருவாக விசாரித்திருக்கிறார். அந்தப் பெண்ணின் வீடு ஒருவருக்கும் தெரியவில்லை. அலுத்துப்போய்க் களத்துக்குப் போயிருக்கிறார். தார்ப்பாய்க்கு வெளியே செங்கல் மேல் அவர் வாங்கிய அட்டைப்பெட்டி, பிரிக்காமல். பக்கத்தில் குடத்தோடு பழைய நைட்டியில் ஒரு பெண். இவரைப் பார்த்ததும் தார்ப்பாய்க்குள் போய்விட்டாள்.

"தெனம் அங்கதான் வண்டிய நிறுத்தறேன் மேடம். அவங்கப்பன பேரு சொல்லிக் கூப்புடறேன். இந்தப் பொண்ணுதான் அந்தப் பொண்ணுன்னு தெரில."

"நீங்க யூனிபார்ம்ல பாத்தீங்க. தெரியக் கூடாதுன்னுதான யூனிபார்ம் குடுக்கறோம்."

அவர் தலை குனிந்துகொண்டார். "நான் போய் வரச் சொல்லட்டா?"

"வேணாம். நீங்க ஒண்ணும் பாக்கவே இல்ல. அப்படியே இருங்க."

அன்று மாலை தலைமையாசிரியை தானே களத்துக்கு நடந்தார். படிப்பு, எதிர்காலம் என்று எதுவும் பேசவில்லையாம். 'செடியெல்லாம் வாடுது செல்வி. வேற ஆள் போடட்டுமா?' இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்.

பள்ளியில் இன்னொன்றும் செய்தார். தோட்டப் பொறுப்பாளர் பதவியைத் தோட்டக் குழுவாக்கினார். ஒருத்தி விடியலில் வந்தால் ஏன் என்பார்கள். ஒரு கும்பலே வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? சேற்றில் இறங்கியவர்கள் எல்லாருமே குளித்துவிட்டுத்தான் வகுப்புக்கு. ஏகாம்பரம் அண்ணன் தன் மகனையும் சேர்த்துவிட்டார். எழுப்புவது தன் பொறுப்பு என்று எழுந்து நின்று சொன்னார். பையனிடம் யாரும் கேட்கவில்லை.

செல்வி வந்துவிட்டாள்.

நேற்று பார்த்தேன். கையில் வாளி. குழாயடியில் ஒரே இரைச்சல், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பப் பரவால்லயா?"

"பரவால்ல சார். ஆனா பாத்ரூம் வெளிய ஆளு நின்னுக்கினே கீதுங்க. சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு கதவத் தட்டுதுங்க." கொஞ்சம் சிரித்தாள். "முன்னல்லாம் யாரும் இருக்க மாட்டாங்க. குளிச்சப்புறமும் தாப்பா போட்டுக்கினு நின்னுக்கினு இருப்பேன்."

"நின்னு?"

"சும்மாதான்."

என் வீட்டில் மூன்று அறை, மூன்று தாழ்ப்பாள். தட்டத்தான் ஆள் கிடையாது. நான் தப்பித்து ஓடுகிற தனிமை, அவளுக்குத் தினமும் கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறோம். சரியான மாற்றுதானா? வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"செல்வி, இதையெல்லாம் எழுதலாமா? பேர் போட மாட்டேன். ஊர் போட மாட்டேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"எழுதுங்க சார். வூடு இல்லன்னு மட்டும் எழுதாதீங்க."

"வேற எப்படி எழுதட்டும்?"

"கட்டிக்கினு கீறாங்கன்னு எழுதுங்க."

கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.