இரண்டு கட்சிப் பேப்பரும் எங்கள் ஷேரும்

திங்கட்கிழமை காலை டீ பிரேக்கில் முருகேசன் அண்ணன் டைம் ஆபீஸ் ஜன்னலைத் தட்டிய தட்டில் கண்ணாடி போய்விட்டது என்றே நினைத்தேன்.

"என் ஷேரை எல்லாம் வித்துக் குடும்மா ஜெயசீலி. இன்னிக்கே வித்துடு."

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அப்போது அங்கே டைம் ஆபீஸில் இருந்தேன், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். டைம் ஆபீஸ் என்றால் பஞ்சிங், லீவு, ஓ.டி. கணக்கு. ஆனால் ஜன்னலுக்கு வருகிறவர்கள் பி.எஃப். முதல் பெண்ணுக்கு வரன் வரைக்கும் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. அப்படித்தான் இந்த ஷேர் விவகாரத்தில் மாட்டினேன்.

கம்பெனி தன் ஷேர்களைத் தொழிலாளர்களுக்குச் சலுகை விலையில் கொடுத்துவந்தது. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் ஷேர் என்றாலே சூதாட்டம் என்று எல்லாரும் ஓடினார்கள். நான்தான் ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து, ஷேரை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்குத் திறந்து கொடுத்தேன். "பி.எஃப். ஒரு பக்கம் இருக்கட்டும். வயசான காலத்துல புள்ளைங்க கையைப் பாக்காம இருக்க இது இன்னொரு பக்கம். அவசரப்பட்டு மட்டும் விக்காதீங்க" என்று ஜன்னலுக்கு வந்தவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தவள் நான். அதனால் விற்பதென்றாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

முருகேசன் அண்ணன் மெஷின் ஷாப்பில் மூத்த ஆபரேட்டர். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். அந்தச் சமயம் வண்டி விற்பனை மந்தம், எங்கள் ஷேர் விலை தரையில் படுத்துக் கிடந்தது. அன்றைக்கு விற்றால் அத்தனை வருஷச் சேமிப்பில் பெரிய துண்டு விழும்.

"இன்னாண்ணா ஆச்சு? வூட்ல எதுனா அவசரமா?"

"அவசரம்லாம் ஒண்ணும் கெடையாது. மானப் பிரச்சன. நம்ம கம்பெனி அந்தக் கட்சிக்கு நன்கொடை குடுத்துகீது. பேப்பர்ல போட்டுகீறாங்க. என் துட்டை எடுத்து எனக்கு எதிர்க்கக் கொடி புடிக்கிறவனுக்குக் குடுத்தா, நான் எப்டிம்மா கட்சி ஆபீஸ்ல தலை காட்டுவேன்?"

அண்ணன் அவர் ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். அவரை எப்படியோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை வந்து நிற்கிறான். முருகேசன் அண்ணனுக்குப் பக்கத்து மெஷின். அவன் எதிர்க் கட்சிக்குக் கிளைச் செயலாளர்.

"யக்கா, என் ஷேரை வித்துடு. கம்பெனி முருகேசண்ணன் கட்சிக்குத் துட்டு குடுத்துகீது. இன்னா அநியாயம் பாத்தியா?"

எனக்குத் தலை சுற்றியது. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இருவரும் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் வரும்வரை ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள். அவரவர் கட்சிப் பேப்பரை அவரவர் படிப்பார்கள். அடுத்தவர் பேப்பரில் வடை எண்ணெயைக்கூடத் துடைக்க மாட்டார்கள்.

மெஷின் ஷாப்பில் மௌனம்

இரண்டு நாள் பொறுங்கள் என்று இருவரிடமும் கேட்டேன். அதற்குள் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அது வெறும் வீம்பு என்று விட்டுவிட முடியாது. முருகேசன் அண்ணன் லேத்தில் கடைந்து முடித்த பீஸ்தான் துளை போட ஏழுமலையின் டிரில்லிங் மெஷினுக்குப் போகும். டூல் தேய்ந்து ஓரத்தில் பிசிறு வந்தால் ஏழுமலை ஒரு குரல் கொடுப்பான், அண்ணன் டூலை மாற்றுவார். இப்போது பிசிறோடு வந்த பீஸை ஏழுமலை வாய் திறக்காமல் தூக்கி ரிஜெக்ஷன் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் என்னிடம் வந்து புலம்பினார்.

"மேடம், ரெண்டு பேரும் மூஞ்சிகூட பாத்துக்க மாட்டேன்றாங்க. நீங்கதான் இன்னாவோ ஷேர் வாங்கிக் குடுத்தீங்களாமே!"

பழி என் தலையில் விழுந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் கேன்டீனில் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தேன். கம்பெனியின் ஆண்டறிக்கை வெப்சைட்டில் எல்லாரும் பார்க்கக் கிடப்பதுதான். அதைப் போனில் திறந்து, நன்கொடை விவரம் இருக்கும் இடத்தைச் சத்தமாகப் படித்தேன். இரண்டு கட்சிப் பெயரும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன.

முருகேசன் அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எங்களுக்குமா?"

ஏழுமலைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "ண்ணா, உங்களுக்கு வந்தத உங்க பேப்பர்ல போடவே இல்லியே!"

"உங்க பேப்பர்ல மட்டும் போட்டுட்டானா? வந்துட்டான்!"

பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். ஏழுமலைக்குப் புரை ஏறி, முருகேசன் அண்ணன்தான் அவன் தலையில் தட்டினார். பிறகு அண்ணனே முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சிரிச்சது சரிம்மா. ஒருத்தனுக்குக் குடுத்தா கொள்கை புடிச்சுப் போயி குடுத்தான்னு சொல்லலாம். ரெண்டு பேருக்கும் குடுத்தா அதுக்குப் பேரு நன்கொடை இல்ல. கேட் பாஸ். எவன் ஆட்சிக்கு வந்தாலும் கதவு தொறக்கணும்னு குடுக்கிறது. அதுக்கு என் ரிட்டயர்மென்ட் துட்டுதான் கெடச்சுதா? நீ வித்துடு."

விற்கும் எண்ணம் போகவில்லை. இப்போது காரணம் மட்டும் கனமாகிவிட்டது. நான் யோசித்துச் சொன்னேன்:

"ண்ணா, வித்துட்டா அதோட நம்ம வாய் மூடிப்பூடும். ஷேர் கையில கீற வரைக்கும்தான் நாமளும் முதலாளி. ஏ.ஜி.எம். வருது. நான் கேக்குறேன். பதில் சரியில்லன்னா அன்னிக்கே எல்லாருதையும் நானே வித்துக் குடுக்குறேன், என்னுதையும் சேத்து."

வாழ்க, வெல்க

ஏ.ஜி.எம். என்கிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச ஷேர் வைத்திருக்கும் யாரும் முன்பதிவு செய்யலாம். எங்கள் பிளான்ட்டிலிருந்து அதுவரை யாரும் செய்ததில்லை. செய்தி எச்.ஆர். மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. நல்ல மனிதர். "மேடம், ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இது? கேன்டீன் சாப்பாடு பத்தி எதாவது கேளுங்களேன்" என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலில் வந்து நின்ற முகங்களை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

கூட்டம் வீடியோவில்தான், போனிலேயே பேசலாம். லீவு போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஏழுமலை வீட்டில் உட்கார்ந்தோம். அவன் மனைவி எங்களுக்கு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். முருகேசன் அண்ணனும் ஏழுமலையும் எனக்காக ஆளுக்கொரு பேச்சு எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று "வீறுகொண்டெழுந்த வேங்கையென" என்று தொடங்கியது, மற்றது அதற்கும் மேலே. இரண்டையும் மடித்து பஜ்ஜித் தட்டுக்குக் கீழே வைத்தேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஏ.ஜி.எம்.முக்காகவே வாழ்கிறவர்கள் போலிருந்தது. ஒருவர் சேர்மன் முகத்தில் ஒளி தெரிகிறது என்றார். ஒருவர் ஆண்டறிக்கையின் அட்டைப்படத்தைப் புகழ்ந்தார். இன்னொருவர் பிளான்ட்டைச் சுற்றிக் காட்டிச் சாப்பாடும் போட வேண்டும் என்று உருகினார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வணக்கம் சார். ஒரகடம் பிளான்ட்ல டைம் ஆபீஸ்ல இருக்கேன். எங்க ஷேர் எல்லாம் வயசான காலத்துக்குன்னு சம்பளத்துல சேத்தது. நீங்க ரெண்டு கட்சிக்கு நன்கொடை குடுத்திருக்கீங்க. சட்டப்படிதான் குடுத்திருப்பீங்க, அத நான் கேக்கல. அதனால கம்பெனிக்கு ஏதாவது ஆதாயம் கெடச்சுதா? கெடச்சுதுன்னா அது எப்படி சார் நன்கொடை ஆகும்? ஆதாயம் ஒண்ணும் இல்லன்னா எங்க பணத்தை எங்களைக் கேக்காம ஏன் சார் குடுத்தீங்க?"

மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினேன். மேடைப் பேச்சில் இடைவெளி விழுந்தால் கைதட்டிப் பழகிய முருகேசன் அண்ணன் தன்னை மறந்து "வாழ்க!" என்று கத்திவிட்டார். ஏழுமலை விடுவானா? "வெல்க!" என்று அவனும் கத்தினான். நாட்டில் எங்கெங்கோ இருந்த ஷேர்ஹோல்டர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். எனக்கு உயிர் போய் வந்தது.

திரையில் சேர்மன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "யாரும்மா அது?"

"மெஷின் ஷாப் சார். நீங்க குடுத்த ரெண்டு கட்சியும் இங்கதான் உக்காந்திருக்கு."

"ரெண்டும் ஒரே ரூம்லயா? நான் தனித்தனியாதான் பாத்திருக்கேன்" என்றவர், சிரிப்பு அடங்கியபின் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போர்டு அனுமதியோட குடுத்ததும்மா. ஆனா நீங்க கேட்டதுக்கு அது பதில் இல்ல. நல்ல பதில் என்கிட்ட இப்ப இல்ல. போர்டுல வைக்கிறேன்."

போனை வைத்ததும் முருகேசன் அண்ணனைப் பார்த்தேன். விற்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரே பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, "இல்லன்னு ஒத்துக்கினாரு பாரு. இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்மா" என்றார். அன்று மாலை நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பொன்னாடை

அடுத்த ஆண்டறிக்கையில் எந்தக் கட்சிக்கும் நன்கொடை இல்லை. இனிமேல் கொடுப்பதானால் ஷேர்ஹோல்டர்களிடம் முதலில் ஓட்டுக்கு விடுவோம் என்று எழுதியிருந்தார்கள். வண்டி விற்பனை தேறி ஷேர் விலையும் எழுந்துவிட்டது. அதற்கும் என் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மெஷின் ஷாப்பில் அந்தப் பெருமையை எனக்கே கொடுத்தார்கள், நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

முருகேசன் அண்ணனின் பிரிவு உபசார விழா கேன்டீனில் நடந்தது. அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர் பொன்னாடையோடு வந்திருந்தார். போர்த்துவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் கேட்டார்:

"இன்னா முருகேசா, கட்சிக்கு வர வேண்டிய துட்டை நீயே நிறுத்திட்டியாமே? நாயமா?"

முருகேசன் அண்ணன் நாற்பது வருஷம் அந்தக் கட்சிக்குச் சுவரெழுதியவர். அவர் நிதானமாகச் சொன்னார்:

"ண்ணா, நான் கட்சிக்குச் சந்தா கட்றேன், கொடி கட்றேன், அது என் துட்டு. கம்பெனி ஷேர்ல என்கூட ஏழுமலையும் கீறான். அவன் கெயவனானா சாப்புட வச்சுகீற துட்டு அது. அத நம்ம கட்சி வாங்கலாமாண்ணா?"

ஒன்றியச் செயலாளர் ஏழுமலையைப் பார்த்தார். பிறகு முருகேசன் அண்ணனுக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். முதலில் கைதட்டியவன் ஏழுமலை, அதுவும் அழுதுகொண்டே.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இன்றும் எனக்குப் போன் செய்து எதில் பணம் போடலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எவ்வளவு வளரும் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பணம் உங்கள் பேரில் என்ன வேலை பார்க்கிறது என்று நீங்களே கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மெஷின்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை.