வலப்பக்கம் சாயும் தொப்பிகள்

நிர்மலாவுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தவள் அவளைவிட மிகவும் இளையவள். கற்றுக்கொண்ட இடம் கம்பெனி பஸ். மைசூர் குவெம்பு நகரில் ஏறினால் ஹெப்பாள் போய்ச் சேரும்வரை ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. சுவிட்சுகள் செய்யும் ஓர் ஆலையில் நிர்மலா ஸ்டோர்ஸ் பிரிவு, மனிஷா கணக்குப் பிரிவு. பஸ்ஸில் உட்கார்ந்த மறுகணமே மனிஷா பையிலிருந்து கம்பளி நூலையும் கொக்கி ஊசியையும் எடுத்துவிடுவாள்.

"இது விக்கிறதுக்குப் போடறியா கண்ணு?" என்று ஒரு நாள் நிர்மலா கேட்டாள்.

"ஐயோ, சும்னே, சும்மாதான் அக்கா. கை சும்மா இருந்தா ஃபோனை நோண்டும். அதுக்கு இது தேவலாம். நீங்களும் போட்டுப் பாருங்க."

ஊசியை வாங்கியது நிர்மலாவின் இடது கை. வாங்கிய வேகத்தில் அவளே திடுக்கிட்டு வலது கைக்கு மாற்றினாள். மனிஷா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் மாத்தினீங்க? லெஃப்ட்டா நீங்க?"

நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கேள்வியை ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டது அதுதான் முதல் தடவை. ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நிர்மலா. சோறு போடும்போது அம்மா அவளுடைய இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பிரம்பு. கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில் ஒரு நோன்பு நாளில் இடது கையால் தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டாள். நாத்தனார் தட்டைத் தொடாமல் எழுந்து போனாள். பிறகு நாலு பேர் பார்க்கும் காரியம் எல்லாம் வலது கைக்குப் போய்விட்டது. ஆள் இல்லாத அடுப்படியில் காய் நறுக்குவது மட்டும் இடது கைக்கு மிச்சமிருந்தது.

"அதுக்கென்ன அக்கா, எனக்கு எதுக்க உக்காருங்க. கண்ணாடில தெரியற மாதிரி என் கையைப் பாத்து அப்படியே போடுங்க. சரியா வந்துடும்."

டிரைவருக்குப் பின்னால் பின்னோக்கி அமைந்த இருக்கை ஒன்று இருந்தது. குமட்டும் என்று யாரும் அதில் உட்காருவதில்லை. மறுநாளிலிருந்து நிர்மலா அதில் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் பசவராஜ் தலையைத் திருப்பாமலே சொன்னான்: "நிர்மலக்கா, வாந்தி வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. இதுல கழுவறதுக்குத் தண்ணி இல்ல."

"உன் ஓட்டத்துக்கு வராத வாந்தி இதுக்கா வரப்போவுது? ரோட்டைப் பாத்து ஓட்டு சாமி."

ஊர் பின்னால் நழுவிக்கொண்டிருக்க, எதிரே இருந்தவளின் வலது கையைத் தன் இடது கையில் வாங்கி அவள் கற்றாள். முதலில் சங்கிலி, பிறகு வரிசை, பிறகு வட்டம். அவளைத் தேர்ந்த கைக்காரி என்று சொல்ல வழியில்லை. நூலைக் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கிப் பிடிப்பாள். ஆனால் அவளுக்குள் ஒன்று நடந்தது. அதை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. பிறந்தது முதல் ஒளித்து வைத்திருந்த ஒரு கை பட்டப்பகலில், ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவே, வெட்கப்படாமல் வேலை செய்தது. பொழுதுபோக்கு என்ற சொல் இதற்குச் சின்னது.

வீட்டில் கணவன் கந்தசாமிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "என்ன, வலையா பின்றே? கபினி ஆத்துல போய் மீன் புடிக்கலாமா?" என்பான்.

"உங்க வாயை மூடறதுக்குத்தானுங்க. அளவு சொல்லுங்க, பின்றேன்," என்பாள்.

மனிஷா அவளைச் சரஸ்வதிபுரத்தில் இருந்த மல்லம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மல்லம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் சிலர் கூடி, குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகத் தொப்பி பின்னுவார்கள். சேர்ந்ததும் அவற்றை ஆஸ்பத்திரி வார்டில் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் தொப்பியைத் தானே முடிக்கக் கூடாது. கடைசிச் சுற்றைப் போட்டதும் நூல் வால் தொங்கத் தொங்க இன்னொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் வாலை உள்ளே செருகி, ஓரம் கட்டி, அலசிக் காயவைத்து எடுத்து வருவாள். எந்தத் தொப்பியும் ஒருத்தியுடையதாக மட்டும் இருக்கக் கூடாது என்று மல்லம்மா நினைத்தார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணங்களில் ஆட்கள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு.

நிர்மலாவின் தொப்பிகளை முடித்துத் தருபவள் மனிஷா. வேறு யாரிடமும் கொடுக்க விட மாட்டாள்: "அக்காவுது என்கிட்ட."

தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடைக்காரரைத் தொணதொணத்து, மற்றவர்கள் வாங்காத கடுகு மஞ்சளையும் ஈர மண் நிறத்தையும் நிர்மலா வாங்கி வந்தாள். அந்த நூலில் பின்னிய தொப்பிகள் முடிந்து வரும் சனிக்கிழமைகளில் மல்லம்மா கூடத்தின் மறு கோடியிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். "நோடி, பாருங்க நிர்மலாவரே! எத்தனை மெத்துனு இருக்கு!" எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், புன்னகைப்பார்கள். மனிஷா குனிந்து தன் வேலையைப் பார்ப்பாள். அதை அடக்கம் என்று நிர்மலா எடுத்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லாத சந்தோஷம் ஒன்றும் அவளுக்கு இருந்தது. வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் இடம், தொப்பியில் மெல்லிய கோடுபோல் ஏறும். வலது கைக்காரர்களின் கோடு வலப்பக்கம் சாயும். அவளுடையது இடப்பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் எல்லாருடைய தொப்பியையும் நைசாகப் பார்த்து அவள் இதைக் கண்டுபிடித்திருந்தாள். இடது கையால் கையெழுத்தே போடாத ஒருத்திக்கு அது கையெழுத்து. ஏதோ ஒரு குழந்தையின் தலையில், யாருக்கும் தெரியாமல், தன் கோடு இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று ஆலையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று நினைத்துக்கொள்வாள்.

மல்லம்மாவுக்கு முழங்கால் வீங்கிய வாரம், மனிஷா மாமனார் வீட்டு விசேஷத்துக்குக் கொள்ளேகால் போயிருந்தாள். "பையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறீங்களா?" என்று மல்லம்மா போனில் கேட்டார். நிர்மலாவுக்கு வேறென்ன வேண்டும்? பட்டுப்புடவை கட்டாத குறையாகக் கிளம்பினாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று வார்டு நர்ஸ் அவளை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னாள். நிர்மலா பையைத் திறந்தாள். தன்னுடையவற்றைக் கடைசியாக ஒரு தரம் தொட்டுப் பார்க்கும் ஆசை. கடுகு மஞ்சள் முதலில் கைக்கு வந்தது. ஓரத்தில் வெள்ளை நூல் கட்டி அழகாக இருந்தது. கோட்டைத் தேடினாள்.

கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

உள்புறம் வெளியே இருக்கிறது போலும் என்று புரட்டினாள். இப்போது கோடு இடப்பக்கம் சாய்ந்தது; ஆனால் கண்ணிகள் முதுகைக் காட்டிக்கொண்டு முண்டும் முடிச்சுமாக இருந்தன. திரும்பவும் புரட்டினாள். வழவழப்பான பக்கம் இதுதான். கோடு வலப்பக்கம்தான்.

மண் நிறத்தை எடுத்தாள். வலம். சாம்பலும் நீலமும் கலந்ததை எடுத்தாள். அந்த நூலைச் சிக்கெடுத்த இரவு கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. வலம். நூல் எல்லாம் அவளுடைய நூல். பின்னல் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

நர்ஸ் வந்து பையை வாங்கிக்கொண்டாள். "நீங்க போட்டதா மேடம்? ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் கன்னடத்தில்.

"இல்ல," என்றாள் நிர்மலா.

மனிஷா திரும்பிய நாள் காலை, நிர்மலா அந்தப் பின்னோக்கிய இருக்கையில் உட்காரவில்லை. முன்னோக்கிய வரிசை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்தாள். மனிஷா வந்து பக்கத்தில் அமர்ந்து, கொள்ளேகால் விருந்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

"என்ற தொப்பிய எல்லாம் பிரிச்சுப்புட்டு நீயே போட்டியா?" என்று நிர்மலா கேட்டாள்.

மனிஷா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். "யார் அக்கா சொன்னா?"

"யாரும் சொல்லலை. ஆமாவா இல்லையா?"

"அக்கா... டைட்டா இருந்துச்சு அக்கா. பாப்பா தலைல ஏறாது. மேல கண்ணி கூட்ட வேண்டிய எடத்துல நீங்க கூட்டறதில்ல, கூம்பு மாதிரி வந்துடும். வீட்டுல டிவி பாத்துக்கிட்டே போட்டுடுவேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல..."

"உன்ற கஷ்டத்தைக் கேக்கலை. மொதத் தொப்பில இருந்தா?"

மனிஷா தலையாட்டினாள்.

"அந்தம்மாளுக்குத் தெரியுமா?"

"மேடம் தான் சொன்னாங்க. முதல் தொப்பியைப் பாத்துட்டு, இது ஆகாது, ஆனா பாவம், ஆசையா வர்றாங்க, நீயே சரி பண்ணிடுன்னு."

"மத்தவங்களுக்கு?"

மனிஷா குனிந்துகொண்டாள். அந்தப் புன்னகைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நிர்மலாவுக்கு நினைவு வந்தன. கூடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தூக்கிக் காட்டிய கைக்கும், பார்த்த கண்களுக்கும், அலசிய கைக்கும் தெரிந்திருக்கிறது. பாராட்டு வாங்கியவளுக்கு மட்டும் தெரியவில்லை.

"நீங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க அக்கா. எப்படிச் சொல்றது? மனசு வரலை."

"எங்கம்மா கூட என்ற கையைக் கட்டித்தான் போட்டா. ஆனா கட்டிப்போட்டது எனக்குத் தெரியும். நீ அவுத்து உட்ட மாதிரி உட்டு, பின்னால உக்காந்து கட்டியிருக்கே."

மனிஷா அழுதாள். பசவராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். அவனும் நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

மனிஷா கெட்டவள் என்று எழுதிவிட்டால் இந்தக் கதை சுலபமாகிவிடும். அவள் கெட்டவள் இல்லை. மாலை வேளைகளை எல்லாம் இன்னொருத்திக்காகச் செலவழித்தவள். ஆனால் ஒருத்தியின் பிழையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வதும் எடுப்பதுதான். பிழை போனால் அதைத் திருத்திக்கொள்ளும் வழியும் கூடவே போய்விடுகிறது. நிர்மலா இத்தனை நாள் கற்றுக்கொண்டிருப்பதாக நினைத்தாள்; உண்மையில் நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் பஸ்ஸில் ஊசியைத் தொடவில்லை. வீட்டில் பின்னினாள். கண்ணி கூட்டும் இடம் எது என்று போனில் வீடியோ பார்த்தாள். அதில் எல்லாமே வலது கை. போனைத் தூக்கிப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்து, கண்ணாடிக்குள் தெரிந்த கையைப் பார்த்துப் போட்டாள். கந்தசாமி எட்டிப் பார்த்தான். கேலி நாக்கு வரை வந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டான்.

சனிக்கிழமை சரஸ்வதிபுரம் போனாள். மனிஷா எழுந்து நின்று வழக்கம்போல் கையை நீட்டினாள். நிர்மலா அந்தக் கையைத் தாண்டிப் போய், வால் தொங்கும் தொப்பியை மல்லம்மாவின் மடியில் வைத்தாள். இடது கையால்தான் வைத்தாள்.

"இது நான் போட்டது மேடம். இருக்கறதைச் சொல்லுங்க."

மல்லம்மா மனிஷாவைப் பார்த்தார். மற்ற பெண்கள் தங்கள் ஊசிகளைப் பார்த்தார்கள். அளவு பார்க்க வைத்திருந்த ரப்பர் பந்தை எடுத்து அதன் மேல் தொப்பியை இழுத்தார் மல்லம்மா. பாதி வரை இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை.

"முன்னை விடப் பரவாயில்ல, நிர்மலாவரே. தலை வடிவம் வந்திருக்கு..."

"ஆகுமா, ஆகாதா?"

மல்லம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆகாது," என்றார்.

நிர்மலா பந்திலிருந்து தொப்பியை உருவிக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போனாள். கடைசிக் கண்ணியைத் தளர்த்தி வாலைப் பிடித்து இழுத்தாள். சுற்றுச் சுற்றாக அது அவிழத் தொடங்கியது. நெளிநெளியான நூல் மடியில் குவிந்தது. மனிஷா வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து நூலைச் சுற்றுவதற்குத் தோதாக நீட்டினாள்.

"குடுங்க அக்கா, நான் புடிக்கறேன்."

"வேண்டாம் மனிஷா. நீ போய் உக்காரு."

கண்ணு என்று சொல்லவில்லை. மனிஷாவின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தன, பிறகு இறங்கின. நிர்மலா நூலைத் தன் முழங்காலிலேயே சுற்றி முடித்தாள். பிறகு ஊசியை இடது கையில் எடுத்து, முதல் சங்கிலியைப் போட்டு, விரலால் நெம்பிப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. அதையும் அவிழ்த்தாள்.